கட்டைவிரலுக்கு எத்தனை புள்ளி?

ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் வாடகை அறைகளில் தங்கி ஆலைப்பணி செய்யும் இளைஞரிடையே ஊழியம் புரிவோர், அவர்கள் ஆடும் கணினி விளையாட்டுகளை வீண் பொழுதுபோக்கு எனத் தள்ளிவிடுவதுண்டு. அவற்றுள் ஒன்றையேனும் நூலை ஆராய்வதுபோல் ஆராய்ந்து பார்த்தல் தகும் என எண்ணுகிறோம். 2011 ஆம் ஆண்டு வெளிவந்த ‘டியூஸ் எக்ஸ்: ஹியூமன் ரெவல்யூஷன்’ அதற்கு ஏற்றது. இயந்திரத்தினின்று மேடையில் இறங்கும் தெய்வத்தைக் குறிக்கும் இலத்தீன் தொடரின் முற்பகுதியே இப்பெயர்; தெய்வம் நிற்க, இயந்திரம் விடுபட்டிருப்பது விந்தையே.

கதை 2027 இல் டெட்ராய்ட் நகரில் தொடங்குகிறது. செயற்கை உறுப்புகள் செய்யும் நிறுவனமொன்றின் காவல் தலைவன் ஆடம் ஜென்சன் ஒரு தாக்குதலில் குற்றுயிராகிறான். அவன் சம்மதம் கேளாமலே முதலாளி அவனுக்கு இயந்திரக் கரங்களைப் பொருத்துகிறார். ஆதாமின் பெயரைத் தாங்கிய இவனைப் படைப்பது வேலை கொடுத்தவரே! அதன்பின் ஆடுவோர் புள்ளிகளைச் சேர்த்து, கண், தோல், நுரையீரல் என ஒவ்வோர் உறுப்பின் ஆற்றலையும் திறந்துகொள்ள வேண்டும். உடல் ஒரு கணக்கேடாகிறது.

இவ்வுலகில் செயற்கை உறுப்புப் பெற்றோர், உடல் அதனை ஏற்க, ஆயுள் முழுதும் நியூரோபோசின் என்னும் மருந்தை வாங்கியாக வேண்டும். வாங்க இயலாதோர் தெருவில் துன்புறுகின்றனர். கூர்மையான கற்பனை இது. ஆயினும் ஜென்சனுக்கு மட்டும் அம்மருந்து தேவையில்லை! கதை அதற்குக் காரணம் கூறுகிறது. எனினும், அடிமைப்படுத்தும் சார்பை ஆடுவோர் தம் விரல்களால் உணர வேண்டிய இடத்தில், அது பிறருடைய துயரமாக, தெருக்காட்சியாக நின்றுவிடுகிறது. இதுவே இப்படைப்பின் பெருங்குறை.

மைக் பாண்ட்ஸ்மித் 1988 இல் வெளியிட்ட ‘சைபர்பங்க்’ என்னும் மேசை விளையாட்டு வேறு வழி சென்றது. உறுப்பைப் பொருத்தப் பொருத்த மனிதத்தன்மையின் எண் குறையும். இவ்விதி ஆட்டத்திற்குச் சுவையூட்டுகிறது. ஆனால், விபத்தில் கையிழந்து செயற்கைக் கை பூண்டவரை நம்மிலும் குறைந்த மனிதர் என்று எவ்வாறு சொல்வது? வழித்தோன்றலான ‘சைபர்பங்க் 2077’, 2023 இல் செய்த மாற்றத்தில் உடல் தாங்கும் அளவை மட்டுமே வரம்பாக்கிற்று. அது நேர்மையானது, ஆயினும் வினாவே மறைந்துபோயிற்று.

உறுப்புக்கு எண் இடுவதை நம் ஆலைப்பகுதி விளையாட்டிலிருந்து கற்கவில்லை. 1923 ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தைச் சேர்ந்த அட்டவணை, கட்டைவிரல் முழுதும் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 விழுக்காடும், ஆள்காட்டி விரலுக்கு 14 விழுக்காடும் இழப்பு என நெடுங்காலம் வகுத்திருந்தது. பவர் பிரஸ்ஸில் விரலிழந்தவருக்கு அவ்வெண் சோறு தந்தது, அதனை இகழ்வதற்கில்லை. ஆனால் அட்டவணை தன்னை மனிதத்தன்மையின் அளவென்று ஒருபோதும் சொல்லிக்கொள்ளவில்லை. பாண்ட்ஸ்மித்தின் விதி தவறியது இவ்விடத்திலேதான்.