அவிழ்த்துக் கட்டும் கலை

கட்டுமரத்தை ரசிக்கத் தெரிந்தவர்கள்கூடக் கரையில் வந்து நின்றதும் அணியத்தைத்தான் பார்க்கிறார்கள். மேல்நோக்கி வளைந்து கூர்ந்து நிற்கும் அந்த முன்பகுதி அழகுதான், மறுக்கவில்லை. நடுமரத்தின் பருமனை அளந்து தலையாட்டுபவர்களும் உண்டு. என் கண் முதலில் போவது கயிற்றுக்கட்டுக்கு. சுற்றுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் பக்கம் பக்கமாகப் படிந்திருக்கின்றனவா, மரத்தில் வெட்டிய காடிக்குள் கயிறு முழுதாக உட்கார்ந்திருக்கிறதா, முடிச்சு எங்கே விழுந்திருக்கிறது என்றெல்லாம் பார்த்த பிறகுதான் மற்றதைப் பார்ப்பேன். செதுக்கு வேலை என்றைக்கோ ஒருநாள் முடிந்தது. கட்டு இன்று விடியலில் கட்டியது. அதைக் கட்டிய கையின் நிதானம் அதில் அப்படியே தெரியும்.

இந்தப் பார்வையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் சென்னைக்குத் தெற்கே கோவளத்துப் பக்கம் இருந்த ஒரு பெரியவர். வீட்டுப் பக்கவாட்டில், பூவரச மர நிழலில், தன் கட்டுமரத்தைத் தானே செய்துகொள்வார். தச்சரைக் கூப்பிட்டதில்லை. கடலுக்குப் போகிறவனே செதுக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். லாரியில் கேரளத்திலிருந்து அல்பீசியா மரங்கள் வந்து இறங்கினால், மற்றவர்கள் நீளத்தையும் சுற்றளவையும் பார்ப்பார்கள். அவர் குதிகாலால் தட்டிக் காது கொடுப்பார். ஈரம் வாங்கிய மரம் மொத்தென்று விழும். உலர்ந்தது கணீரென்று பேசும். அதைவிட எனக்குப் பிடித்தது அவர் ஜோடி சேர்க்கும் விதம். வலப்புறத்துக்கும் இடப்புறத்துக்கும் கூடுமானவரை ஒரே மரத்தின் துண்டுகளையே தேடுவார். இரண்டும் ஒரே அளவில் தண்ணீர் குடித்தால்தான் மத்தியானம் திரும்பும்போதும் மரம் ஒருபக்கம் சாயாமல் வரும் என்பது அவர் கணக்கு. கரையில் நேராக நிற்கும் மரம் எவருக்கும் வாய்க்கும். அவர் கவலையெல்லாம் ஊறிய பிறகு அது எப்படி நிற்கும் என்பதைப் பற்றியது.

செதுக்கும் வாச்சி அவர் கையில் இருக்கும்போது பார்க்க வேண்டும். நடுமரம் சற்றே தாழ்ந்தும் பக்கமரங்கள் சற்றே உயர்ந்தும் அமைந்து, மேல்பரப்பில் ஓர் ஆழமில்லாத குழிவு உருவாகும். வலையும் மீனும் ஆளும் இருப்பது அந்தக் குழிவில். பள்ளிப் புத்தகப் படங்களிலும் விடுதி முகப்பில் வைக்கும் மாதிரிகளிலும் இது காணாமல் போயிருக்கிறது. ஒரே நீளத்தில், ஒரே மட்டத்தில், உருண்டைக் கட்டைகளை அடுக்கி ஆணியடித்து நிறுத்தியிருப்பார்கள். ஆணி! இரும்பே தொடாத ஒரு கலத்துக்கு ஆணியடித்துக் காட்டுவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது. அதைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு அந்தக் கலத்தின் உயிர் எங்கே இருக்கிறதென்று எப்படித் தெரியும்?

உயிர் கட்டில் இருக்கிறது. முன்னால் ஓரிடம், பின்னால் ஓரிடம். குறுக்குக் கட்டையோடு சேர்த்து வரிந்த கயிறு, அவ்வளவுதான். கரை சேர்ந்ததும் அது அவிழும். மரங்கள் தனித்தனியாக மணலில் வெயில் காயும். மென்மரம் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும் என்பதால் இந்த ஓய்வு இல்லாமல் முடியாது. விடியுமுன் மறுபடி சேர்த்துக் கட்ட வேண்டும். ஒரு காலை மரத்தில் ஊன்றி, உடல் எடையைப் பின்னால் சாய்த்துக் கயிற்றை இழுப்பார் பெரியவர். கடைசிச் சுற்றுக்கு முன் இழுப்பை நிறுத்தி, பக்கமரத்தை உள்ளங்கையால் அசைத்துப் பார்ப்பார். துளி அசைய வேண்டும். அசையாவிட்டால் ஒரு சுற்றைத் தளர்த்துவார். "கல்லு மாதிரி கட்டினா அலை வந்து ஒடைச்சிடும் தம்பி, கொஞ்சம் குலுங்கட்டும்" என்றார் ஒருமுறை. அந்தத் துளி அசைவு எவ்வளவு என்பதை எந்த வரைபடத்திலும் குறிக்க முடியாது.

தேங்காய்நார்க் கயிறா நைலானா என்ற வழக்கில் நான் நார்க்கயிற்றின் பக்கம். நைலான் நெடுநாள் உழைக்கும், மலிவாகவும் கிடைக்கும் என்று சொல்பவர்களின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் நைலான் வழுக்கும். நனைந்தால் கொஞ்சம் நீளவும் செய்யும். நார்க்கயிறோ நனைந்தால் பருத்து, சொரசொரப்போடு காடியைக் கவ்விக்கொள்ளும். உப்புத் தண்ணீரில் எளிதில் இற்றும் போகாது. நைலானுக்கு மாறியவர்கள் வழுக்கலுக்குப் பயந்து கூடுதலாக இறுக்கத் தொடங்கினார்கள். அப்போதே அந்தத் துளி அசைவு போய்விட்டது.

அந்த அசைவுக்குக் காரணம் நம் கரைதான். சோழமண்டலக் கரையில் இயற்கைத் துறைமுகம் அரிது. திறந்த மணற்கரை, வரிசை வரிசையாக உடையும் அலை. பலகைப் படகுக்குள் அலை ஏறினால் இறைக்க வேண்டும். கட்டுமரத்தில் ஏறிய தண்ணீர் இடுக்குகள் வழியே தானே இறங்கிவிடும். கவிழ்ந்தாலும் புரட்டிப் போட்டு ஏறிக்கொள்ளலாம். ஆங்கிலேய மாலுமி வில்லியம் டாம்பியர் 1697-ல் வெளியிட்ட பயண நூலில், இந்தக் கரையின் சிறு மரங்களையும், கால்கள் எந்நேரமும் தண்ணீரில் இருக்க அவற்றில் போன மனிதர்களையும் எழுதி வைத்திருக்கிறார். சென்னைக்குத் துறைமுகம் வருமுன் கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். வேறெந்தப் படகும் இறங்கத் தயங்கிய நாட்களில், நீர் புகாத தொப்பிக்குள் கடிதங்களைச் செருகிக்கொண்டு அலையைக் கடந்தவர்கள் கட்டுமரக்காரர்கள். சென்னை மாகாண மீன்துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920-ல் இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி எழுதியபோது, கட்டுமர வகைகளையும் பொறுப்போடு பிரித்துக் காட்டினார். அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

பலகை வள்ளத்தை உயர்த்திப் பேசும் நண்பர்கள் எனக்கு உண்டு. பாக் நீரிணையின் அமைதியான தண்ணீரில் வள்ளம் போவது கண்கொள்ளாக் காட்சி என்பதை ஒப்புக்கொள்கிறேன். 1980களில் குமரி மாவட்டத்து முட்டத்தில், ஒட்டுப்பலகைகளைக் கம்பியால் தைத்து, மூட்டுகளைப் பசையால் அடைத்துக் கட்டிய வள்ளங்களையும் மதிக்கிறேன். கரைத் தொழிலாளிகளை மனதில் வைத்து நடந்த நேர்மையான முயற்சி அது. ஒடிசாப் பக்கம் மரங்களை முளையடித்துச் சேர்ப்பார்கள். உறுதியான வேலை. ஆனால் முளையடித்த மரத்திலோ பசை பூசிய மூட்டிலோ, செய்தவரின் கை ஒருமுறைதான் படும். நம் மரத்தில் நாள்தோறும் படும். என் விருப்பத்துக்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை.

இந்தக் கட்டின் உச்சம் கோலாமரம். சிறிய மரத்தில் மூன்று நான்கு கட்டைகளை வரிந்து பழகிய கை, இங்கே ஏழு கட்டைகளை ஒரே உடலாக்க வேண்டும். நாகப்பட்டினத்துப் பக்கம் பறவைக்கோலா மீன் பிடிக்க ஆழக்கடல் போன மரம் அது. இலைக்கொத்துகளைக் கடலில் மிதக்கவிட்டு, முட்டையிட அங்கே கூடும் கோலாக்களுக்காகக் காத்திருப்பார்கள். கரை கண்ணுக்குத் தெரியாத தொலைவில் ஏழு கட்டைகளையும் பிடித்து வைத்திருந்தது கயிறு மட்டுமே. ஏழு கட்டை என்றால் இடுக்குகள் ஆறு; ஆறிலும் அசைவு ஒரே அளவில் இருக்க வேண்டும். அதைக் கட்டிய கைகளைப் பற்றி ஊர்ப் பெரியவர்கள் பேசும்போது குரல் மாறிவிடும். இன்று கோலாவுக்கும் ஃபைபர் படகுகள்தான் போகின்றன.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு எல்லாம் வேகமாக மாறியது. உடைந்த மரங்களுக்குப் பதிலாக நிவாரணமாக வந்தவை பெரும்பாலும் ஃபைபர் படகுகள். புதிது புதிதாகப் பட்டறைகள் முளைத்தன. அவற்றில் அவசரத்தில் மெல்லிய ஓடாக வார்த்துத் தள்ளிய படகுகளும் கலந்திருந்தன. இன்ஜின் பொருத்தி வேகமாகப் போய், வேகமாகத் திரும்பி, நல்ல விலைக்கு மீனை விற்க நினைக்கும் இளைஞரை நான் குறை சொல்ல மாட்டேன். இடுப்பளவு தண்ணீரில் மரத்தைத் தள்ளி, நாளெல்லாம் நனைந்து கிடந்த முதுகுகளை நானும் பார்த்திருக்கிறேன். என் குறை வேறு. முன்பு ஒரு மீனவர் தன் கலத்தைத் தானே செய்தார், பழுதானால் அந்தக் கட்டையை மட்டும் மாற்றினார், பலமிழந்த கட்டையை விறகாக்கினார். இப்போது வாங்குகிறார், கடன் கட்டுகிறார், ஓடு விரிந்தால் பட்டறைக்காரரைத் தேடுகிறார். மரத்தைத் தட்டிக் கேட்கும் காதும், அசைவை அளக்கும் உள்ளங்கையும் ஒரே தலைமுறையில் தேவையற்றுப் போயின.

கட்டுமரத்தை அருங்காட்சியகத்தில் வைப்பதென்றால், தயவுசெய்து கட்டிய நிலையில் கண்ணாடிக்குப் பின்னால் வைக்காதீர்கள். கட்டைகளைத் தனித்தனியே கிடத்துங்கள். பக்கத்தில் நார்க்கயிற்றை வையுங்கள். வாரம் ஒருநாளாவது, கரையில் இன்னும் கட்டத் தெரிந்த ஒருவரை உரிய சம்பளம் கொடுத்து வரவழைத்து, பார்வையாளர்கள் முன் கட்டச் சொல்லுங்கள். பிறகு அவரே அவிழ்க்கட்டும். கற்க விரும்பும் பிள்ளைகள் கயிற்றின் மறுமுனையைப் பிடிக்கட்டும். அந்தக் கைகள் இன்னும் நம் கரைகளில் இருக்கின்றன. அவற்றுக்கு வயதாகிக்கொண்டும் இருக்கிறது.