ஆஸ்கரின் மொழி: ‘வெர்சாயின் ரோஜா’ தொடரில் பாலும் மரியாதையும்

1. முன்னுரை

ஜப்பானில் இளம்பெண்களை வாசகராகக் கொண்டு வரையப்படும் படக்கதைகள் ‘ஷோஜோ மங்கா’ எனப்படும். இவ்வகையில் மிகுந்த செல்வாக்குப் பெற்ற படைப்புகளுள் ஒன்று இகெதா ரியோகோ எழுதி வரைந்த ‘வெர்சாயின் ரோஜா’. 1972, 1973ஆம் ஆண்டுகளில் ‘மார்கரெட்’ வார இதழில் வெளிவந்த இக்கதை 1974இல் பெண்களே எல்லா வேடங்களையும் ஏற்கும் தகராசுகா நாடகக் குழுவால் மேடையேறியது. 1979–80இல் நாற்பது பகுதிகள் கொண்ட தொலைக்காட்சி அனிமேத் தொடராயிற்று. 2025இல் புதியதொரு திரைப்படமும் வெளிவந்தது. அரைநூற்றாண்டுக்குப் பின்னும் குன்றாத இக்கவர்ச்சிக்குக் காரணம் யாது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

‘வாளேந்திய வீரப்பெண்ணின் கதை, ஆகவே பெண்களைக் கவர்ந்தது’ என்பது வழக்கமான விடை. இவ்விடை பிழையன்று, ஆனால் போதுமானதன்று. வாளேந்திய பெண்கள் பல கதைகளில் உளர். ஆஸ்கரை அவர்களிடமிருந்து வேறுபடுத்துவது அவளுடைய பேச்சு எனக் கருத இடமுண்டு. இதனை நிறுவுவதோடு, தமிழில் பெயர்க்க முற்படுவோர்க்கு அப்பேச்சு விளைவிக்கும் சிக்கல்களைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. கதையும் வரலாறும்

கதை நிகழும் களம் பிரெஞ்சுப் புரட்சிக்கு முற்பட்ட வெர்சாய் அரண்மனை. அரசி மரீ அந்துவானெத், சுவீடன் நாட்டுப் பிரபு ஃபெர்சன் ஆகிய இருவரும் 1755இல் பிறந்த வரலாற்று மாந்தர். இகெதாவுக்குத் தூண்டுதலாக அமைந்தது ஸ்டெஃபான் ஸ்வைக் எழுதிய அரசியின் வாழ்க்கை வரலாறு. அதே 1755இல் பிறந்தவளாக ஆசிரியர் படைத்துக்கொண்ட கற்பனைப் பாத்திரமே ஆஸ்கர். ஆண் வாரிசு இல்லாத தளபதி ஷார்ஷயே தம் கடைசி மகளை ஆணைப்போல் வளர்த்துப் படைவீரராக்குகிறார். அவள் அரண்மனைக் காவற்படையில் உயர்ந்து, பின்னர்த் தானே விரும்பிப் ‘பிரெஞ்சுக் காவலர்’ படைக்கு மாறி, 1789 ஜூலை 14இல் பாஸ்தீய் கோட்டை முற்றுகையில் உயிர்துறக்கிறாள். அப்படையினர் அன்று மக்கள் பக்கம் சேர்ந்தது வரலாற்று உண்மை. கற்பனைப் பாத்திரம் வரலாற்றின் இந்த இடைவெளியில் பொருந்திவிடுகிறது.

கதை தொடங்கியபோது அரசியே தலைவி. வாசகியரின் வரவேற்பால் ஆஸ்கர் மெல்ல மெல்ல மையத்திற்கு வந்தாள். இது தற்செயலன்று. இவ்விருவரும் பேசும் ஜப்பானிய மொழியே இருவேறு வகையினது.

3. இருவகைப் பேச்சு

ஜப்பானிய வினைச்சொல் பால் காட்டுவதில்லை. ஆயினும் தன்மை, முன்னிலைப் பெயர்களும் வாக்கியத்தின் இறுதியில் வரும் இடைச்சொற்களும் பேசுவோரின் பாலை உணர்த்தவல்லன. ‘வா’, ‘கஷிரா’ போன்ற இறுதிச் சொற்கள் பெண்பேச்சுக்கு உரியனவாகவும், ‘ஜோ’ போன்றவை ஆண்பேச்சுக்கு உரியனவாகவும் கருதப்படுகின்றன. ஆனால் இப்பெண்பேச்சு தொன்றுதொட்டு வந்த மரபன்று. அதன் கூறுகள் பல மெய்ஜிக் காலப் பள்ளி மாணவியரின் வழக்கிலிருந்து தோன்றியவை என்றும், அக்கால அறிஞர்கள் அவற்றை இழிவழக்கு எனக் கடிந்தனர் என்றும் இனோஉவே மியாகோ தம் 2006ஆம் ஆண்டு நூலில் காட்டியுள்ளார். அயல்நாட்டுப் புதினங்களின் கதைத்தலைவியர் ஜப்பானிய மொழிபெயர்ப்பில் தொடர்ந்து பெண்பேச்சிலேயே பேசவைக்கப்படுகின்றனர் என்பது நகமுரா மோமோகோ 2013இல் முன்வைத்த கருத்து. நிகழ்கால மக்கள் அவ்வாறு பேசாவிடினும் கதைமாந்தர் இன்னார் என உணர்த்த உதவும் இத்தகைய வழக்கினைக் கின்சுய் சதோஷி ‘பாத்திரமொழி’ எனப் பெயரிட்டு விளக்கினார்.

இவ்வொளியில் நோக்கின் அரசியின் பேச்சு எதிர்பார்த்ததே. பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அரசி, பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தோக்கியோ மாணவியர் வழிவந்த நளினமொழியைப் பேசுகிறாள். ஆஸ்கரோ ஐரோப்பியப் பெண்ணாக இருந்தும் அம்மொழியைப் பேசுவதில்லை. இறுதிச் சொற்கள் நேரடியானவை. ஆந்த்ரேயை அவள் விளிப்பது ‘ஒமாஎ’ என்னும் நெருக்கமான ‘நீ’யால். ஆனால் தன்னைச் சுட்ட ஆண்களுக்கே உரிய ‘ஒரெ’யை அவள் கையாள்வதில்லை, இருபாலார்க்கும் பொதுவான ‘வதாஷி’யையே கையாள்கிறாள்.

இந்தத் தேர்வு நுட்பமானது. ஆஸ்கர் ஆணென நடிப்பவள் அல்லள். அவள் பெண் என்பதை அரண்மனை அறியும். ‘ஆண்மொழியைக் கடன் வாங்கினால்தான் பெண் வலிமை பெறுவாளா?’ என்று வினவலாம். வினா நியாயமானதே. ஆனால் நளினமொழியே அண்மைக்காலக் கட்டமைப்பு என்றால், நேரடிப் பேச்சு ஆணின் தனியுடைமை என்பதும் அக்கட்டமைப்பின் மறுபக்கமே. ஆஸ்கர் கடன் வாங்கவில்லை, பறிக்கப்பட்டதை எடுத்துக்கொள்கிறாள். வேலைவாய்ப்பில் ஆண், பெண் சமவாய்ப்புச் சட்டம் ஜப்பானில் நடைமுறைக்கு வந்தது 1986இல். அதற்கு முன் வளர்ந்த வாசகியர், படைவீரர்க்கு ஆணையிடும் அப்பேச்சில் எதைக் கேட்டிருப்பர் என்பதை உய்த்துணரலாம்.

4. தொடரின் ஒரு சறுக்கல்

தொடரின் முற்பகுதியை நாகஹாமா ததாவோவும், 19ஆம் பகுதி முதல் தெசாக்கி ஒசாமுவும் இயக்கினர். தெசாக்கியின் கையில் தொடர் இருண்ட அழகும் ஆழமும் பெற்றது. எனினும் மூலக்கதையிலிருந்து விலகும் ஓரிடம் தடை எழுப்புகிறது. மூலத்தில், மக்கள் பக்கம் சேர்வது ஆஸ்கர் தானே சிந்தித்து எடுத்த முடிவு. தொடரிலோ அவள் ஆந்த்ரேயிடம் ஆணையிடுமாறு வேண்டி, அவன் வழியே தன் வழி என்கிறாள். நாற்பது பகுதிகளில் வளர்ந்த பாத்திரம் இங்கே சிறுத்துவிடுகிறது.

ஆனால் வேண்டும் அந்த வினையின் இறுதி ‘குரே’ என்பதாகும். இது பணிவுவடிவம் அன்று. அவள் என்றும் பேசிவந்த நேர்வடிவமே. பொருள் பணிகிறது, வடிவம் பணியவில்லை. இம்முரணே அக்காட்சியைக் காப்பாற்றுகிறது. பொருளை மட்டும் நோக்கும் மொழிபெயர்ப்பாளர் ‘நீங்கள் கட்டளையிடுங்கள்’ என எழுதினால் எஞ்சியிருந்ததும் அழியும்.

5. தமிழில் பெயர்க்குங்கால்

மேற்கூறியது முதற்சிக்கல். ஆந்த்ரே செவிலியின் பேரன், பணியாள். தமிழ்ச் சமூக வழக்கு அவனை ஆஸ்கரிடம் ‘நீங்கள்’ எனச் சொல்லத் தூண்டும்; காதல் மலர்ந்தபின் அவளை அவனிடம் ‘நீங்கள்’ எனச் சொல்லத் தூண்டும். இரண்டும் தவறு. தொடக்கம் முதல் முடிவு வரை இருவரும் ‘நீ’ எனப் பேசுவதே மூலத்திற்கு இயைந்தது. தனிமையில் பிறப்புயர்வு தாழ்வைக் கடந்துநின்ற உறவு அது.

இரண்டாவது சிக்கல் படர்க்கை வினை. தமிழில் தன்மைவினை பால் காட்டாது. ‘வந்தேன்’ என்பது இருபாலார்க்கும் பொது. எனவே ஆஸ்கர் பேசும்போது இடரில்லை. அவளைப் பற்றிப் பிறர் பேசும்போதே இடர். ஏழைப்பெண் ரோசலீ முதற்சந்திப்பில் ஆஸ்கரை ஆண் என்று எண்ணுகிறாள். உண்மையறிந்த பின்னும் அவள் பயன்படுத்தும் ‘சாமா’ என்னும் மரியாதை ஒட்டு மாறவேண்டியதில்லை. அது பால் காட்டாதது. தமிழில் ‘ஐயா’, ‘அம்மா’ இரண்டுமே பொருந்தா.

எனினும் தமிழிடம் ஜப்பானியத்தில் இல்லாத ஒரு கருவி உண்டு. ‘ஒருவர்’ என்னும் பெயர் இருபாலார்க்கும் உரியது என்று தொல்காப்பியமே கூறுகிறது. ‘-ஆர்’ விகுதி பாலை மறைத்து மதிப்பைக் காட்டுகிறது. பெண் தளபதியை ஏற்க மறுக்கும் பிரெஞ்சுக் காவலர் தொடக்கத்தில் ‘வந்தாள்’ என்று இகழட்டும்; அவளுடைய நேர்மையை உணர்ந்தபின் அதே வாயால் ‘வந்தார்’ என்று சொல்லட்டும். விளக்கவுரை எதுவும் வேண்டாமல் ஒரு விகுதி மாற்றத்தால் படைவீரரின் மனமாற்றம் புலப்படும்.

6. முடிவுரை

ஆஸ்கரின் கவர்ச்சி சீருடையிலோ வாளிலோ மட்டும் இல்லை. பெண் என அறியப்பட்டே, பெண்ணுக்கென வகுக்கப்பட்ட மொழியைப் பேசாது வாழ்ந்து காட்டியதில் உள்ளது. இக்கட்டுரையும் திறனாய்வு வழக்கையொட்டி அவளை ‘அவள்’ என்றே சுட்டியது. ஜப்பானிய மூலம் பல இடங்களில் எழுவாயையே விட்டுவிட்டு இத்தேர்வைத் தவிர்க்கிறது. தமிழில் தவிர்க்க இயலாது. ஆகவே ஒவ்வொரு வினைமுற்றிலும் மொழிபெயர்ப்பாளர் ஆஸ்கரைப் பற்றிய ஒரு தீர்ப்பை எழுதுகிறார். அத்தீர்ப்பை வழக்கத்தின் கையில் விடாமல் அறிந்து எழுதுவதே அவர் கடமை.