அம்மீட்டர் முள் இறங்கினால் மின்கட்டணம் இறங்குமா?

வெண்ணந்தூர், இராசிபுரம் பக்கம் விசைத்தறி ஓசை கேட்கும் ஊர்களில் மின்கட்டணம் அன்றாடப் பேச்சு. ஆகவே ‘மின் சிக்கனப் பெட்டி’ என்று ஒருவர் வந்து நின்றால் கூட்டம் கூடிவிடுகிறது. சுவரில் செருகும் கையளவுப் பெட்டி. அதில் ஒரு பச்சை விளக்கு. விற்பவர் ஒரு சிறு மோட்டாரை ஓட்டுகிறார். அம்மீட்டர் முள் 1 ஆம்பியரில் நிற்கிறது. பெட்டியைச் செருகியதும் முள் 0.67-க்கு இறங்குகிறது. “மூன்றில் ஒரு பங்கு மிச்சம்!” கண்ணால் கண்ட பிறகு யோசிப்பானேன் என்று பணத்தை எடுத்துவிடுகிறோம்.

இந்தச் செய்முறையை மோசடி என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் முள் பொய் சொல்லவில்லை. மின்னோட்டம் உண்மையாகவே குறைகிறது. நமக்குக் கணக்கிடப்படுவது மின்னோட்டமா என்பதுதான் கேள்வி.

மோட்டாரின் காந்தப் புலம் மின்சுற்றிலிருந்து ஆற்றலைக் கடன் வாங்கி உடனே திருப்பித் தருகிறது. நூல் இல்லாத நாடா தறியில் போய்த் திரும்புவதை எண்ணிப் பாருங்கள். ஓட்டம் உண்டு, துணி சேராது. மின்னோட்டத்தில் இப்படி வெறுமனே போய்வரும் பகுதியும், வேலை செய்யும் பகுதியும் கலந்திருக்கின்றன. வீட்டு மீட்டர் இரண்டாவதை மட்டுமே கிலோவாட் மணியில் கணக்கிடுகிறது. பெட்டிக்குள் இருப்பது ஒரு மின்தேக்கி. மோட்டார் கேட்கும் கடனை அது பக்கத்திலிருந்தே கொடுத்து வாங்குகிறது.

எண்களில் பார்ப்போம். 230 வோல்ட், 1 ஆம்பியர், திறன் காரணி 0.6 என்றால் 138 வாட். பெட்டியைச் செருகிய பின் 0.67 ஆம்பியர், திறன் காரணி 0.9. பெருக்கிப் பாருங்கள், அதே 138 வாட்! வீட்டுக் கம்பியின் தடை 1 ஓம் எனில் அதில் வீணாகும் வெப்பம் அரை வாட் அளவு குறையும். அந்தப் பச்சை விளக்கே அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும். 2009-இல் அமெரிக்காவின் தேசியத் தரநிலை, தொழில்நுட்ப நிறுவனமும் இத்தகைய கருவிகளால் வீட்டுக் கட்டணம் குறிப்பிடத்தக்க அளவு குறையாது என்றே விளக்கியது. உயரழுத்த இணைப்புள்ள ஆலைகளின் கதை வேறு. அங்கே திறன் காரணி குறைந்தால் கூடுதல் கட்டணம் உண்டு; மின்தேக்கி அவர்களுக்கு உண்மையிலேயே பயன்படும். ஆலைக்குப் பொருந்தும் உண்மையை வீட்டு வாசலில் விற்கிறார்கள்.

திறன் காரணியின் சூத்திரத்தைப் பிழையின்றி எழுதி மதிப்பெண் வாங்கும் மாணவர் வீட்டிலும் இந்தப் பெட்டியைக் காணலாம். பாடப்புத்தகத்தை மின்கட்டண அட்டைக்கு அருகில் வைத்துப் பார்க்க நாம் பழக்குவதில்லை.

ஏமாந்தவர்கள் ஏன் உரக்கச் சொல்வதில்லை? முதலாவது, கட்டணம் தெரிவதற்கு வாரங்கள் ஆகின்றன. விற்றவர் அதற்குள் வேறு ஊர் போய்விடுகிறார். கோடை கழிந்து மின்விசிறி ஓய்ந்தால் கட்டணம் தானே இறங்கும், புகழ் பெட்டிக்குப் போகும். இரண்டாவது, மனம். முடிவெடுத்த பின் எழும் உறுத்தலை, அம்முடிவு சரியே எனக் காரணம் தேடி மனிதர் தணித்துக்கொள்கின்றனர் என்று உளவியலார் லியோன் ஃபெஸ்டிங்கர் 1957-இல் எழுதினார். அதே ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், புதிதாகக் கார் வாங்கியோர் தாம் வாங்கிய காரின் விளம்பரங்களையே அதிகம் படித்தது தெரியவந்தது. வாங்கிய பின் செய்யும் ஆராய்ச்சி இவ்வகைப்பட்டது!

முன்னதாகச் செய்யும் ஆராய்ச்சிக்கு ஐந்து நிமிடம் போதும். மோட்டாரை எடுத்துவிட்டு 100 வாட் இழை பல்பில் செய்துகாட்டும்படி விற்பவரிடம் கேளுங்கள். பல்பு தனியே 0.43 ஆம்பியர் எடுக்கும். பெட்டியில் 7 மைக்ரோஃபாரட் மின்தேக்கி இருந்தால் முள் 0.67-க்கு ஏறும்! கட்டணம் அதனால் கூடப்போவதும் இல்லை.

அதற்கும் ஐயம் தீராதவர்கள் வீட்டு மீட்டரில் கண்சிமிட்டும் சிவப்பு விளக்கைப் பார்க்கலாம். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்பது அதன் முகப்பிலேயே அச்சிட்டிருக்கும்; பல மீட்டர்களில் 3200. மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அந்த 138 வாட் மோட்டாரை மட்டும் ஓட்டினால் 10 நிமிடத்தில் 73 அல்லது 74 சிமிட்டல் வரும். பெட்டியைச் செருகி இன்னொரு 10 நிமிடம் எண்ணுங்கள். விற்பவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.