கல்வெட்டுக்கு வெயில் பார்த்துப் போங்கள்

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு நான் முதன்முதலில் கல்வெட்டுப் பார்க்கப் போனது ஒரு சித்திரை மாத நடுப்பகல். தரை சுட, ஓட்டமும் நடையுமாக விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றினேன். ஆயிரம் ஆண்டு எழுத்து என்றார்களே, எங்கே என்று பார்த்தால் அம்மி கொத்தி வைத்த மாதிரி கல் முழுக்கப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

நேரம்தான் தப்பு. வெட்டிய எழுத்து என்பது ஒரு பள்ளம். வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தால்தான் பள்ளத்தின் ஒரு கரை நிழல் கட்டும். அந்த நிழலைத்தான் நாம் எழுத்தாகப் பார்க்கிறோம். கோயில் கிழக்குப் பார்த்தது. ஆகவே வைகாசி முதல் ஆடி வரை காலையிலும் மாலையிலும் வடசுவரை வெயில் உரசிக்கொண்டு போகும். கார்த்திகை, மார்கழி, தையில் அதே தயவு தென்சுவருக்கு. நாள் தவறிப்போனால் கைபேசி விளக்கைச் சுவரை ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். நேராக அடித்தால் மறுபடியும் அம்மிதான்.

எழுத்து கண்ணில் பட்டதும் படிக்க ஆரம்பித்துவிடாதீர்கள். நம்மில் பலர் தடுக்கி விழுவது இங்கேதான். சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை, முற்றுப்புள்ளி இல்லை, வரி முடிகிற இடத்தில் சொல் பாதியில் உடையும். மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டு என்பது தொல்காப்பியம் அறிந்த விதி. ஆனால் சோழர் காலத்துக் கல்லில் பெரும்பாலும் அதைத் தேட வேண்டியதில்லை. கெ, கே இரண்டுக்கும் ஒரே கொம்பு. துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவம் என்பதால் ‘கா’ என்றும் படிக்கலாம், ‘கர’ என்றும் படிக்கலாம். அன்றைக்கு வாசித்தவர்களுக்கு மொழி வாயில் இருந்தது, இடம் பார்த்துச் சொல்லைப் பிரித்துக்கொண்டார்கள். நமக்கு முதல் நாளே அது வராது, வராமல் போகட்டும். ப, ட, ம, வ என்று தெரிந்த முகங்களை மட்டும் கூட்டத்தில் தேடுங்கள். அரை மணி நேரத்தில் பத்துப் பேராவது அகப்படுவார்கள்.

பிறகு ஒரே ஓர் எழுத்தை எடுத்துக்கொண்டு கிட்டத்தில் போங்கள். நான் எடுத்துக்கொண்டது ஒரு வகரம். தூரத்தில் ஒரே இழுப்பில் எழுதியது போலத்தான் இருந்தது. முகத்தைக் கல்லுக்கு ஒரு சாண் அருகே கொண்டுபோனால், அந்த வளைவு சின்னச் சின்னக் கொத்துகளின் வரிசை என்று தெரிந்தது. கருங்கல்லில் உளி வழுக்கிக்கொண்டு ஓடாது. ஒவ்வோர் அடிக்கும் ஒரு பொடி கல்தான் பெயரும். திரும்புகிற இடத்தில் கொத்துகள் நெருங்குகின்றன, நேர்கோட்டில் விலகுகின்றன. ஓலையில் எழுத்தாணி ஒரு நொடியில் போடும் சுழிக்கு இங்கே எத்தனை சுத்தியலடி! அத்தனை அடிக்குப் பிறகும் அது கையெழுத்தாகவே நிற்கிறதே, அதுதான் ரசிக்க வேண்டிய இடம்.

ஓலை என்றதும் ஒரு விஷயம். கோடு இழுத்தால் ஓலை கிழியும், அதனால்தான் தமிழ் எழுத்து வட்டமானது என்று பள்ளிக்கூடம் முதல் சுற்றுலா வழிகாட்டி வரை சொல்கிறார்கள். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். ப, ட, ய, ம எல்லாம் அடியில் நேர்கோட்டை வைத்துக்கொண்டே காலம் காலமாக ஓலையில் வாழ்ந்திருக்கின்றன. சந்தேகம் இருந்தால் கோயிலிலிருந்து சற்றுத் தூரத்தில் உள்ள சரசுவதி மகால் நூலகத்துக்குப் போய், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் சுவடிகளைப் பாருங்கள்.

பெரிய கோயில் சுவரில் இவ்வளவு எழுத்து ஏன் என்பதற்குக் காரணத்தைக் கல்லே சொல்கிறது. கோயிலைக் கட்டிய ராஜராஜ சோழன் தன் 26ஆம் ஆட்சியாண்டில், தான் கொடுத்ததையும் தன் அக்கா கொடுத்ததையும் மனைவியரும் மற்றவர்களும் கொடுத்ததையும் கல்லில் வெட்டச் சொல்லி வாயால் ஆணையிட்டான். பொன், நகை, நிலம், படிமம், வேறு கோயில்களிலிருந்து வரவழைத்த 400 தளிச்சேரிப் பெண்டுகளின் (கோயில் ஆடல்மகளிரின்) பெயர் என்று எல்லாம் கணக்குதான். இன்றைய பேச்சில் சொன்னால் சொத்துப் பதிவேடு. பதிவேட்டை இவ்வளவு அழகாக எழுத வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. வரி நேராக ஓடுகிறது, எழுத்தின் உயரம் மாறவில்லை. வடசொல் வந்தால் ஸ்ரீ மாதிரி கிரந்த எழுத்து தமிழோடு தோள் உரசி உட்கார்ந்துகொள்கிறது. அதையும் தேடிப் பாருங்கள்.

வெளியே வருமுன் திருச்சுற்றின் தென்மேற்குப் பக்கம் ஒரு நடை. தஞ்சையை ஆண்ட மராத்திய மன்னர் சரபோஜி 1803இல் தன் போன்ஸ்லே வம்ச வரலாற்றை மராத்தியில் வெட்டி வைத்திருக்கிறார். மொழி தெரிய வேண்டாம். தேவநாகரி எழுத்துகள் மேல்கோட்டில் கொடியில் காயும் துணி போலத் தொங்கும். அதைப் பார்த்துவிட்டு மறுபடி சோழர் எழுத்துக்கு வாருங்கள்: ஒவ்வொன்றும் தரையில் தனியாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்காமல் இந்த வித்தியாசம் எனக்கு உறைத்ததே இல்லை.

ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் கொண்டுபோங்கள். புகைப்படம் எடுத்தால் கண் அதோடு வேலையை முடித்துக்கொள்ளும். பிடித்த எழுத்தைப் பார்த்துப் பார்த்துப் பத்துத் தடவை வரைந்தால், எங்கே தொடங்கி எங்கே திருப்பியிருப்பார்கள் என்பது கைக்குத் தெரியும்.

கடைசியாக, எழுத்து எடுப்பாகத் தெரியட்டும் என்று சாக்குக்கட்டியைத் தேய்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பிரசாதம் வாங்கிய கையில் மிஞ்சும் விபூதியைத் தட்டுவதற்கும் அந்தப் பள்ளங்கள்தான் பலருக்கு வசதி. தயவுசெய்து இரண்டையும் செய்யாதீர்கள். விபூதி மடிக்க ஒரு துண்டுக் காகிதம் கொண்டுபோங்கள்.