வயலைப் பார்க்காத கதை

சென்ற மாதம் இங்கே அண்ணாமலை நகரில் படிக்கிற இளைஞர் ஒருவர், தாம் எழுதிய சிறுகதையை என்னிடம் கொடுத்துவிட்டு அபிப்பிராயம் கேட்டார். வளையமாதேவியைப் பற்றிய கதை. 2023 ஜூலையில், பரவனாற்றுக்கு மாற்று வாய்க்கால் வெட்டுவதற்காக நெய்வேலி நிறுவனத்தின் இயந்திரங்கள் விளைந்து நின்ற நெல்லின் மேல் இறங்கினவே, அந்தச் சம்பவம். கதையில் ஒரு கிழவர் மண்ணை அள்ளி மார்பில் பூசிக்கொள்கிறார், ‘தாயே!’ என்கிறார், உயிரை விடுகிறார். அதிகாரிக்குக் கோரைப் பல் ஒன்றுதான் பாக்கி.

எனக்கு அழுகை வரவில்லை. வந்திருக்க வேண்டும். அந்தப் பயிரைக் கண்டு தமக்குக் கண்ணீர் வந்ததாக உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரே சொன்னார். அவருக்கு வந்தது எனக்கு ஏன் வரவில்லை?

வளையமாதேவி விவகாரம் அந்தக் கதையைவிடச் சிக்கலானது. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது. பணமும் ஓரளவு கொடுக்கப்பட்டது. நிறுவனம் உடனே இறங்காததால் குடியானவர்கள் உழுதுகொண்டிருந்தார்கள். ‘நிலம் எங்களுடையது’ என்றது நிறுவனம். ‘அன்றைய விலை எங்கே, இன்றைய விலை எங்கே? வேலை எங்கே?’ என்றார்கள் இவர்கள். கடைசியில் பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. தம்முடையது அல்லாத நிலத்தில், தம்முடைய பயிரை வளர்த்துக்கொண்டு, என்றைக்கு இயந்திரம் வரும் என்று வரப்பில் நின்று பார்க்கிற மனிதன்: இவனல்லவா கதாபாத்திரம்! இளைஞர் இவனை விட்டுவிட்டுக் கிழவரைக் கொன்றார்.

இன்னொன்றும் உண்டு. அந்தக் கதையை நான் படித்த விளக்கில் நெய்வேலியின் பங்கும் இருந்திருக்கும். தம் சொந்த நிலத்தையே மனமுவந்து கொடுத்த ஜம்புலிங்க முதலியாரும், 1957-ல் சுரங்க வேலையைத் தொடங்கிவைத்த நேருவும் கெட்ட எண்ணக்காரர்கள் அல்லர். வில்லன் இல்லாமல் அநியாயம் நடப்பதை எழுதுவதுதான் கஷ்டம்.

கண்மணி குணசேகரனின் ‘வந்தாரங்குடி’யைப் படிக்கச் சொன்னேன். நெய்வேலிச் சுரங்கத்துக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டுப் பெயர்ந்தவர்களின் நாவல். நடுநாட்டுப் பேச்சு முதலில் காலை இடறும். நானே ஒரு தடவை மூடி வைத்தேன். சில இடங்களில் கத்தரிக்கோலும் வேண்டியிருந்தது. ஆனால் ஆசிரியர் நடுநாட்டுச் சொற்களுக்கு ஓர் அகராதியே தொகுத்தவர். நஷ்ட ஈட்டுப் பட்டியலில் கிணறு, மரம், சென்ட் எல்லாம் ஏறும். ஒரு மேட்டுக்கு ஊர்க்காரர்கள் வைத்திருந்த பெயர் ஏறாது. சுரங்கம் அந்த மேட்டை விழுங்கிய பிறகு பெயர் மட்டும் எங்கே இருக்கும்? நாவலில் இருக்கலாம், ஆசிரியருக்குத் தெரிந்திருந்தால்.

அந்த ஊரிலேயே பிறந்தவர்தான் எழுத வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ராஜம் கிருஷ்ணன் நீலகிரியில் பிறந்தவரல்லர். மின்சார எஞ்சினீயரான கணவரோடு மலைக்குப் போனவர். அங்கே படகர்களிடம் பழகி, அவர்களுடைய நிலமும் வாழ்வும் மாறுவதைக் ‘குறிஞ்சித்தே’னில் எழுதினார். திட்டத்தோடு வந்தவரே திட்டத்தால் மாறியவர்களைப் பார்த்தார். எனக்கு அந்த நாவலில் பிடித்தது இந்தக் கண்தான்.

ஒரிஸாவின் நியமகிரியில் டோங்கிரியா கோந்து மக்களிடம் 2013-ல் உச்ச நீதிமன்றத்தின் உத்தரவுப்படி அபிப்பிராயம் கேட்டார்கள். பன்னிரண்டு கிராம சபைகளும் பாக்ஸைட் சுரங்கம் வேண்டாம் என்றன. மலை அவர்களுக்குத் தெய்வம். வன உரிமைச் சட்டம் அந்த வழிபாட்டுக்கு ஒரு மதிப்புக் கொடுத்தது. வளையமாதேவிக் குடியானவன் பழங்குடி அல்லன்; தன் வயலைத் தெய்வம் என்று நிரூபிக்க அவனுக்கு இடமில்லை. அதனால்தானோ என்னவோ, நம் கதாசிரியர்கள் அவன் வாயில் ‘தாயே!’யைத் திணிக்கிறார்கள். அவன் பேசுவதெல்லாம் தண்ணீர், வட்டி, பிள்ளையின் வேலை. பற்று அதற்குள் இருக்கிறது.

இளைஞர் மறுபடி வந்தபோது, ‘அது என்ன நெல்?’ என்று கேட்டேன். தெரியவில்லை. ‘வாய்க்கால் எந்தப் பக்கம்?’ அதுவும் தெரியவில்லை. சிதம்பரத்தில் பஸ் ஏறினால் சேத்தியாத்தோப்பு எட்டிப்பிடிக்கிற தூரம். அவர் ஒரு தடவையும் போனதில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை போகிறாராம். நானும் கூடப் போகலாம் என்றிருக்கிறேன். அந்த வயலை நானும் பத்திரிகைப் படத்தில்தான் பார்த்தேன்.