குழப்பச் சொற்பட்டியல்களின் பயனும் பிழையும்

ஒன்றுக்கு ஒன்று மாறிப்போகும் ஆங்கிலச் சொற்களை இரண்டிரண்டாக நிறுத்தி, இது இங்கே, அது அங்கே என்று வரையறுத்துச் சொல்லும் வழக்கத்துக்கு இரண்டரை நூற்றாண்டு வயதாகிறது. 1770-இல் ராபர்ட் பேக்கர் ஆங்கில மொழி குறித்து வெளியிட்ட சிறு நூல் இதன் முன்னோடிகளுள் ஒன்று. 1926-இல் எச். டபிள்யூ. ஃபௌலரின் பயன்பாட்டு அகராதி வந்த பிறகு, ‘ஃபௌலர்’ என்ற பெயரே இந்த வகை நூலைக் குறிக்கும் அளவுக்குப் பழகிவிட்டது. இன்றைய இந்தியப் போட்டித் தேர்வுக் கையேடுகளில் காணும் இணைச்சொற் பட்டியல்களும் அந்த மரபின் கடைக்குட்டிகளே.

இந்தப் பட்டியல்கள் தம் தகுதியை முழுமையாக நிரூபிப்பது எழுத்துக்கூட்டலில்தான். ‘பிரின்சிபல்’ என்ற ஒரே ஒலிக்கு ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துவடிவங்கள் உண்டு. ஒன்று கல்லூரி முதல்வரையும் கடனின் அசலையும் குறிக்கும். மற்றது கொள்கையைக் குறிக்கும். ‘டிஸ்க்ரீட்’ என்ற ஒலியும் அப்படியே: ஒரு வடிவில் அடக்கமும் நிதானமும், மற்றொன்றில் தனித்தனியாக நிற்பது. காது இங்கே உதவாது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் இதில் சறுக்குகிறார்கள். இரண்டு வடிவங்களும் அகராதியில் இருப்பதால், சொல்லைச் சொல்லாக மட்டும் சரிபார்க்கும் கணினிப் பிழைதிருத்தியும் பேசாமல் விட்டுவிடும். தமிழ் வகுப்பில் மயங்கொலிச் சொற்களைப் படிப்பது போன்ற வேலை இது. விதி குறுகியது, சர்ச்சை இல்லாதது, மனப்பாடத்துக்கு ஏற்றது.

பொருள் சார்ந்த இணைகளுக்கு வந்தால் தரை சற்று ஆட்டம் காண்கிறது. ‘டிஸ்இன்டரஸ்டட்’ என்றால் தன்னலச் சார்பு அற்றவர், ‘அன்இன்டரஸ்டட்’ என்றால் ஆர்வம் அற்றவர் என்கின்றன கையேடுகள். வேறுபாடு பயனுள்ளதுதான், ஒரு நீதிபதி முன்னவராக இருக்க வேண்டும், பின்னவராக இருக்கக் கூடாது. ஆனால் 17-ஆம் நூற்றாண்டில் முதற்சொல் ஆர்வமின்மையையும், இரண்டாவது சொல் நடுநிலையையும் குறித்து வழங்கியிருக்கின்றன. ஆக, கையேடு காப்பது ஆதிமுதல் இருந்த எல்லையை அல்ல. பிற்காலத்தில் நட்ட வேலியை. வேலி நல்லதாக இருக்கலாம். அதை இயற்கை எல்லை போலக் காட்டுவதுதான் குறை.

மூன்றாம் வகை முற்றிலும் வேறு. எண்ணக்கூடியவற்றுக்கு ‘ஃபியூவர்’, எண்ண முடியாதவற்றுக்கு ‘லெஸ்’ என்ற விதி எங்கிருந்து வந்தது? எண்ணிக்கையைப் பற்றிப் பேசும்போது ‘ஃபியூவர்’ நன்றாக இருக்கும் என்று தமக்குத் தோன்றுவதாகப் பேக்கர் எழுதினார், அவ்வளவுதான். ஒன்பதாம் நூற்றாண்டில் ஆல்ஃபிரட் மன்னர் காலத்து ஆங்கிலத்திலேயே எண்ணக்கூடியவற்றுக்கு ‘லெஸ்’ வழங்கியிருக்கிறது. ஒரு மனிதரின் ரசனை, படியெடுத்துப் படியெடுத்துச் சட்டமாகிவிட்டது. தொலைவு, பணம், காலம் ஆகியவற்றுக்கு எண்ணைச் சேர்த்தே ‘லெஸ்’ எழுதலாம் என்ற விலக்கையும் பிறகு ஒட்ட வேண்டியதாயிற்று. 2008-இல் பிரிட்டனின் டெஸ்கோ கடைகள் ‘பத்துப் பொருள் அல்லது குறைவு’ என்ற பலகையை மாற்றியபோது ‘ஃபியூவர்’ பக்கம் போகவில்லை. ‘பத்துப் பொருள் வரை’ என்று எழுதித் தகராறையே தவிர்த்தன. ‘தட்’, ‘விச்’ கதையும் இதற்கு நெருங்கியது. இரண்டுக்கும் வேலையைப் பிரித்துக் கொடுக்கலாம் என்று பரிந்துரைத்த ஃபௌலர், பெரும்பாலோரோ சிறந்த எழுத்தாளர்களோ அப்படி எழுதுவதில்லை என்பதை மறைக்கவில்லை. பின்னாளில் அமெரிக்கப் பதிப்பாசிரியர்கள் பலர் பரிந்துரையை எடுத்துக்கொண்டு ஒப்புதலை விட்டுவிட்டார்கள்.

இந்த மரபின் தலையாய பிழை இங்கே இருக்கிறது. எழுத்துப் பிழை, நகர்ந்துகொண்டிருக்கும் பொருள், ஒருவரின் விருப்பம் ஆகிய மூன்றையும் ஒரே வரிசையில் ஒரே குரலில் அறிவிக்கிறது பட்டியல். மனப்பாடம் செய்யும் மாணவருக்கு எதன் எடை எவ்வளவு என்று தெரிய வழியில்லை.

கற்பிக்கும் முறையிலும் கோளாறு உண்டு. பொருளால் நெருங்கிய புதுச் சொற்களைக் கூட்டாகக் கற்றால், தொடர்பற்ற சொற்களைக் கற்பதைவிட அதிக நேரம் பிடிக்கிறது என்று சொற்கற்றல் ஆய்வாளர்களான டிங்காம் 1993-இலும், வேரிங் 1997-இலும் செய்த சோதனைகள் காட்டின. ‘இம்ப்ளை’ பேசுபவர் குறிப்பாக உணர்த்துவது, ‘இன்ஃபர்’ கேட்பவர் ஊகித்துக்கொள்வது என்று ஒரே மூச்சில் கற்பவருக்குத் தேர்வறையில் எது எது என்று மறந்துபோவதில் வியப்பில்லை. ஒரு சொல் நன்றாக ஊன்றிய பிறகே மற்றதை அறிமுகப்படுத்துவது மேல். ஏற்கெனவே இரண்டையும் அறிந்து தடுமாறுபவருக்கோ ஒப்பீடு உதவும். பட்டியலின் உண்மையான வாசகர் அவர்தான்.

விளக்கத்தால் தீராத குழப்பமும் உண்டு. ‘இன்ஃபிளேமபிள்’ என்றால் எளிதில் தீப்பற்றுவது. தொடக்கத்திலுள்ள ‘இன்’ எதிர்மறை அல்ல. ஆனால் அப்படிப் படிப்பவர் உயிரே போகலாம். 1920-களில் அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் ‘ஃபிளேமபிள்’ என்ற சொல்லை வழக்கில் கொண்டுவர முனைந்தது. இன்று எச்சரிக்கைப் பலகைகளில் காண்பது பெரிதும் அதுவே. மக்களைத் திருத்துவதைவிடச் சொல்லை மாற்றுவது எளிதாக இருந்தது.

1989-இல் வெளியான மெரியம்-வெப்ஸ்டர் பயன்பாட்டு அகராதி வேறு பாதையில் சென்றது. ஒவ்வொரு விதியும் எப்போது, யாரால் பிறந்தது, எழுத்தாளர்கள் உண்மையில் எப்படி எழுதினார்கள் என்பதை மேற்கோள்களோடு வைத்தது. உடனடித் தீர்ப்பு தேடுபவருக்கு அதன் நீளம் அலுப்பூட்டும். ஃபௌலரின் கூர்மையான நடையும் அதில் இல்லை. ஆயினும் ஒரு விதிக்குக் கீழ்ப்படியலாமா என்று முடிவெடுக்க வேண்டியவருக்கு அதுவே நம்பகமான நூல். தேர்வுக் கையேட்டை எழுத்துக்கூட்டலுக்கு மட்டும் நம்பினால் போதும்.