மாத்திரை வாசலுக்கு வந்த பிறகு

சிந்தாதிரிப்பேட்டைக்காரர்களுக்கு ஆஸ்பத்திரி தூரமில்லை. அண்ணா சாலையைத் தாண்டினால் ஓமந்தூரார் மருத்துவமனை, சென்ட்ரல் பக்கம் போனால் ஜி.எச். 2008 முதல் 108 ஆம்புலன்சும் ஓடுகிறது. ஆனாலும் இங்கே ஒருவருக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கினால், அது இன்னதென்று கூட இருப்பவருக்குத் தெரிய ஆகும் நேரம்தான் அவர் உயிரைத் தீர்மானிக்கிறது.

மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவரும் அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தையும் இங்கிருந்துதான் எடைபோட வேண்டும். 2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய இத்திட்டத்துக்கு 2024இல் ஐ.நா. விருதும் கிடைத்தது. தகுதியான விருது. ஓ.பி. வரிசையில் நின்றால் அன்றைய கூலி போகும் என்பதால் மருந்தை நிறுத்தியவர்கள் ஏராளம். அப்படி விடுபட்ட மருந்தே பலரை நினைவிழக்கும் நிலைக்குத் தள்ளியிருக்கிறது. மாத்திரை வீடு தேடி வருவதே ஒரு காப்பு.

ஆனால் தவறாமல் வரும் மாத்திரைக்கு மறுபக்கம் உண்டு. கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்றவை சாப்பிட்டோமா இல்லையா என்று பார்க்காமல் இன்சுலினைச் சுரக்க வைப்பவை. காய்ச்சலில் கஞ்சி கூட இறங்காத பாட்டி, வழக்கம் தவறக்கூடாதென்று மாத்திரையை மட்டும் விழுங்குகிறார். சிறுநீரகமும் தளர்ந்திருந்தால் ஆபத்து இரட்டிப்பு. ரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே போனால் வியர்வை, நடுக்கம், படபடப்பு. 54க்கும் கீழே போனால் பேச்சுக் குழறும், கோபம் வரும். தெருவில் நடந்தால் குடிகாரன் என்று ஒதுங்கிப் போகிறார்கள். இதைவிடக் கொடுமையான தவறு வேறில்லை.

நினைவிருக்கும்போது மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்ப்பது சரி. நினைவில்லாதவர் வாயில் ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போகும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐ அழைப்பதுதான் வழி. தெளிந்துவிட்டார் என்று வீட்டோடு வைத்துக்கொள்வதும் பிழை. இந்த மாத்திரைகளால் இறங்கிய சர்க்கரை அன்றே மறுபடி இறங்கலாம்.

சர்க்கரை ஏறும் எதிர்த்திசை ஆபத்தும் உண்டு. இன்சுலின் போடும் பிள்ளைக்கு வாந்தி, வயிற்றுவலி, வேகமான ஆழ்ந்த மூச்சு என்றால் 'கேஸ்' என்று சோடா வாங்கித் தருகிறார்கள். சாப்பிடவில்லையே என்று இன்சுலினையும் நிறுத்துகிறார்கள். அப்போதுதான் அதை அறவே நிறுத்தக்கூடாது. மருந்தை நிறுத்துவதன் ஆபத்து இன்சுலினோடு முடிவதில்லை. வீசிங்குக்காக ஆண்டுக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்திச் சரிவதோ, மாத்திரைப்பையோடு வீட்டுக்கு வரும் தன்னார்வலரின் கண்ணில் படாமலே போகும்.

அரசு இத்திட்டத்தின் வெற்றியைப் பயனாளிகள் எண்ணிக்கையில் சொல்கிறது. எண்ணிக்கை வேண்டியதுதான். ஆனால் வாசலில் நிற்கும் சுகாதாரத் தன்னார்வலர், 'போன தடவைக்குப் பிறகு மயக்கம், வியர்வை வந்ததா? சாப்பிடாத நாளில் மாத்திரையை என்ன செய்தீர்கள்?' என்றும் கேட்க வேண்டும். குறைந்த ஊக்கத்தொகையில் ஏற்கெனவே சுமை தாங்கும் பெண்கள் அவர்கள். கூடுதல் வேலைக்குக் கூடுதல் ஊதியம் தருவதே நியாயம். அந்தக் கேள்விகளை வீட்டிலிருக்கும் மருமகளிடமும் பேரனிடமும் கேட்க வேண்டும். சர்க்கரை இறங்கிய நேரத்தில் பாட்டியால் எதையும் சொல்ல முடியாது.